டீமுக்கு ஷு-ஹா-ரி: எந்த விதியை எப்போது மாற்றலாம்?

நான் முதன்முதலில் இருந்த ஸ்க்ரம் டீமில் (மென்பொருள் வேலையைச் சிறு சுற்றுகளாகப் பிரித்துச் செய்யும் முறை அது, ஒரு சுற்றுதான் ஸ்பிரிண்ட்), மூன்றாவது ஸ்பிரிண்ட் முடிவதற்குள் ரெட்ரோவை, அதாவது எது சரியாகப் போனது, எது போகவில்லை என்று பேசும் கூட்டத்தை, நிறுத்திவிட்டோம். பேசுவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, அந்த நேரத்தில் இன்னும் இரண்டு டிக்கெட் (பட்டியலில் உள்ள வேலை) முடிக்கலாம் என்று எல்லோருமே ஒப்புக்கொண்டோம். அப்புறம் வந்த நான்கு ரிலீஸிலும் ஒரே இடத்தில் அடிபட்டோம். டேட்டாபேஸ் மாற்றம் முதலில் போக வேண்டுமா, கோட் முதலில் போக வேண்டுமா என்பதில் ஒவ்வொரு முறையும் குழப்பம். இரவில் உட்கார்ந்து சரிசெய்வோம், காலையில் மறந்துவிடுவோம். இதையெல்லாம் பேசுவதற்கென்று இருந்த ஒரே இடத்தை நாங்களே மூடிவிட்டோம் என்பது வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

விதியை மாற்றலாம். ஆனால் அது எதைக் காக்கிறது என்று தெரிந்த பிறகே மாற்ற வேண்டும். இந்த வரிசையைத்தான் ஷு-ஹா-ரி சொல்கிறது.

ஐகிடோ, கெண்டோ போன்ற ஜப்பானியத் தற்காப்புக் கலைகளில் கற்றலை மூன்று கட்டமாகப் பார்ப்பார்கள். ஷு என்றால் காப்பது. ஆசான் காட்டிய அசைவை அப்படியே, திரும்பத் திரும்பச் செய்வது. ஹா என்றால் உடைப்பது. அசைவுக்குப் பின்னால் இருக்கும் காரணம் பிடிபட்டதும் அதை மாற்றிப் பார்ப்பது. ரி என்றால் விலகுவது. விதியை நினைக்காமலேயே, நேரத்துக்கு ஏற்ற அசைவு தானாக வருவது. இதை மென்பொருள் உலகத்துக்குக் கொண்டுவந்தவர் அலிஸ்டேர் கோபர்ன். ஸ்க்ரம் போன்ற முறைகளுக்குப் பொதுவான கொள்கைகளைச் சொல்லும் அஜைல் அறிக்கையை 2001-இல் எழுதிய 17 பேரில் ஒருவர்.

சரி, இதை உங்கள் டீமில் எப்படிச் செய்வது?

படி 1: டீமை அளக்காதீர்கள், பழக்கத்தை அளங்கள்

“எங்கள் டீம் ஹாவில் இருக்கிறது” என்று சொல்வதில் பொருளில்லை. ஒரே டீம் கோட் ரிவியூவில் (ஒருவர் எழுதிய கோடை இன்னொருவர் பார்ப்பது) தேர்ந்திருக்கும், எஸ்டிமேஷனில் (வேலையின் அளவைக் கணிப்பது) தடுமாறும். ஆகவே டெய்லி ஸ்க்ரம் (தினசரிச் சிறு கூட்டம்), ரெட்ரோ, கோட் ரிவியூ, கோடைச் சோதிக்கும் டெஸ்ட் எழுதுவது என்று ஒவ்வொரு பழக்கத்தையும் தனித்தனியே எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: “இதை நாளைக்கே நிறுத்தினால் எது கெடும்?”

யாருக்கும் பதில் தெரியவில்லை என்றால், அந்தப் பழக்கத்தில் நீங்கள் ஷுவில் இருக்கிறீர்கள். தங்களுக்கு நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லிப் பதில் தருகிறார்கள் என்றால் ஹாவுக்குத் தயார். படித்ததை ஒப்பிப்பது கணக்கில் சேராது.

படி 2: ஒன்றை மட்டும் எடுத்து, எழுதியபடியே செய்யுங்கள்

இதுதான் எல்லோரும் தாண்டிக் குதிக்கும் படி, எனவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

டெய்லி ஸ்க்ரமை எடுத்துக்கொள்வோம். ஸ்க்ரம் கையேடு சொல்வது எளிது: 15 நிமிடம், தினமும் ஒரே நேரம், ஒரே இடம். ஸ்பிரிண்ட் இலக்கை நோக்கி எவ்வளவு நகர்ந்திருக்கிறோம் என்று டெவலப்பர்கள் பார்க்க வேண்டும். புதிய டீமுக்கு இது மட்டும் போதாது, எதைப் பேசுவது என்று விழிப்பார்கள். அவர்களுக்குப் பழைய மூன்று கேள்விகளைக் கொடுங்கள்: நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப் போகிறேன், எது தடுக்கிறது. அந்தக் கேள்விகளின் கதையே ஒரு ஷு-ஹா-ரி பாடம். கையேட்டில் விதியாக இருந்தவை 2017 பதிப்பில் வெறும் உதாரணமாயின, 2020 பதிப்பில் இல்லவே இல்லை. கேள்விகள் போனாலும் நோக்கம் அங்கேயே இருக்கிறது.

டெஸ்ட் முதலில் எழுதும் பழக்கத்துக்கு, கராத்தேயின் கட்டா (ஒரே அசைவு வரிசையைத் திரும்பத் திரும்பச் செய்வது) மாதிரியான பயிற்சி உண்டு. ரோமன் எண்களை மாற்றுவது போன்ற ஒரு சின்னக் கணக்கை எடுங்கள். தோற்கும் டெஸ்ட் ஒன்றை எழுதுங்கள், அது தேறும் அளவுக்கு மட்டும் கோட் எழுதுங்கள், பிறகு சுத்தம் செய்யுங்கள். அரை மணி நேரம் இப்படியே போகட்டும். முடிந்ததும் கோடை அழித்துவிடுங்கள். கை பழகுவதற்காகச் செய்வது இது, கோட் தேவையில்லை.

எவ்வளவு காலம்? இரண்டு வார ஸ்பிரிண்ட் என்றால் ஆறு ஸ்பிரிண்ட் என்பது என் கணக்கு. அந்த மூன்று மாதமும் ஒரே வழிகாட்டியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரமில் பாதி, கான்பான் என்ற வேறொரு முறையில் பாதி என்று கலந்தால் எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்று தெரியாமலே போகும்.

“சொன்னதைச் செய், கேள்வி கேட்காதே” என்று அடக்குவதற்கு ஷுவைப் பயன்படுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மனம் நொந்துபோகும். ஷுவில் கேள்வி கேட்கலாம், கேட்கவும் வேண்டும். மாற்றத்தை மட்டும்தான் தள்ளிப்போடுகிறோம்.

படி 3: உறுத்தலை எழுதி வையுங்கள்

ஒரு விதி எரிச்சல் தரும்போது அதை உடனே மாற்றாமல், பொதுவான ஒரு பக்கத்தில் தேதி, விதி, என்ன நடந்தது என்று மூன்றே வரி எழுதுங்கள். அடுத்த படிக்கு இந்தப் பக்கம்தான் மூலதனம்.

படி 4: ஒரு நேரத்தில் ஒரு விதியை மட்டும் உடையுங்கள்

ஒரு டீமில் ஆட்கள் வெவ்வேறு நேர மண்டலங்களில் இருக்கிறார்கள், டெய்லி ஸ்க்ரம் சிலருக்கு நள்ளிரவில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கூட்டத்துக்குப் பதில் சாட்டில் எழுதிப் போடலாம் என்று தோன்றும். செய்யலாம், ஆனால் அதற்கு முன் நான்கு விஷயங்களை எழுதுங்கள். இந்த விதி எதைக் காத்தது? (மாட்டிக்கொண்டவர் ஒரு நாளுக்கு மேல் தனியாக மாட்டியிருக்கக் கூடாது.) இனி அதை எது காக்கும்? எத்தனை ஸ்பிரிண்ட் பார்ப்போம்? எதை வைத்து முடிவு செய்வோம்?

இரண்டு ஸ்பிரிண்ட் கழித்து, டிக்கெட்டுகள் தடைபட்டு நின்ற நாட்களை முன்பிருந்த நிலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லோரும் ஒழுங்காக எழுதினார்கள், ஆனால் அடுத்தவர் எழுதியதை யாரும் படிக்கவில்லை என்பது நான் அடிக்கடி பார்க்கும் முடிவு. அப்படியானால் பழையபடி போங்கள், அல்லது தடை இருக்கிறவர் மட்டும் இன்னொருவரை அழைத்துப் பேச வேண்டும் என்று திருத்துங்கள். இரண்டு மாற்றங்களை ஒன்றாகச் செய்திருந்தால் இந்தத் தெளிவு கிடைத்திருக்காது.

படி 5: ரியைத் துரத்தாதீர்கள்

இதற்குத் தேதி குறிக்க முடியாது. யாரோ மாட்டிக்கொண்டதும், கூட்டம் எதுவும் இல்லாமலே பத்து நிமிடத்தில் இரண்டு பேர் பக்கத்தில் வந்து நிற்கிறார்கள் என்றால், அந்த ஒரு பழக்கத்தில் ரி வந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பெயர் வைக்கவும் வேண்டாம்.

படி 6: புதியவர் வரும்போது

டீம் எந்தக் கட்டத்தில் இருந்தாலும் புதிதாக வருகிறவர் ஷுவில்தான் இருப்பார். “புல் ரிக்வெஸ்ட் எவ்வளவு பெரிதாக இருக்கலாம்?” என்று அவர் கேட்டால் (தன் கோட் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி டீமுக்கு அனுப்பும் கோரிக்கை அது), அனுபவசாலி “அது சூழ்நிலையைப் பொறுத்தது” என்பார். உண்மைதான், ஆனால் புதியவருக்கு அது உதவாது. “ஒரு புல் ரிக்வெஸ்டில் ஒரே ஒரு மாற்றம்” என்று பிடித்துக்கொள்ள ஒரு விதியைக் கொடுங்கள். காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். டீமில் பாதிப் பேர் மாறிவிட்டால், எல்லோருமாகச் சில ஸ்பிரிண்டுகள் எழுதியபடியே செய்வது நல்லது. பழையவர்களுக்கு இது பின்னடைவாகத் தெரியும். ஆனால் கருப்புப் பட்டை வாங்கியவரும் முதல் கட்டாவைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்.

அந்தப் புதியவர் “இதை ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?” என்று கேட்டு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை என்றால், அந்தக் கேள்வியையும் படி 3-இல் தொடங்கிய அதே பக்கத்தில், தேதியோடு எழுதிவிடுங்கள்.