கிறிஸ்துமஸ் மார்க்கெட் பாக்க ரிவர் குரூஸ்: புக் பண்றதுக்கு முன்னாடி கப்பலோட டைம்டேபிளை படிங்க

ரிவர் குரூஸ், அதாவது ஆத்து வழியா ஊர் ஊரா போற கப்பல் டூர், புக் பண்றவங்க முதல்ல கேக்குறது ரூம் எவ்ளோ பெருசு, பால்கனி இருக்கா, சாப்பாட்டுல என்னென்ன குடுப்பாங்க, இதுதான். ஐரோப்பால கிறிஸ்துமஸுக்கு முன்னாடி ஊருக்கு நடுவுல போடுற கடைத்தெரு, அதான் கிறிஸ்துமஸ் மார்க்கெட், அதுக்குன்னே போறீங்கன்னா அதையெல்லாம் கொஞ்சம் ஓரமா வச்சுட்டு, கப்பல் எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு வருது, எத்தனை மணிக்கு கிளம்புதுன்னு ஒவ்வொரு நாளா படிச்சு பாருங்க. டிசம்பர்ல அந்த பக்கம் சாயங்காலம் நாலு, நாலரைக்கே இருட்டிடும், மார்க்கெட்டுக்கு உயிர் வர்றதே அப்பதான், ராத்திரி எட்டு ஒம்பது வரைக்கும் களைகட்டும். ஆனா நிறைய கப்பல் காலைல ஒரு ஊர்ல இறக்கி விட்டுட்டு, அடுத்த ஊருக்கு போகணும்னு சாயங்காலம் அஞ்சு ஆறுக்கெல்லாம் கிளம்பிடும். அப்ப நீங்க பாக்குறது காலைல பதினோரு மணி மார்க்கெட், பாதி கடை அப்பதான் கதவையே தொறந்துட்டு இருப்பாங்க, லைட்டும் இருக்காது, பாட்டும் இருக்காது.

அதனால புரோஷர்ல எத்தனை ஊர் போட்டிருக்காங்கன்னு எண்ணாதீங்க, எத்தனை ஊர்ல சாயங்காலம் இருக்கப் போறீங்கன்னு எண்ணுங்க. பத்து ஊர் காட்டிட்டு மூணு சாயங்காலம் மட்டும் குடுக்குற டூரை விட ஆறு ஊர், அஞ்சு சாயங்காலம் குடுக்குற டூர் எவ்வளவோ மேல். வியன்னா, புடாபெஸ்ட் ரெண்டுலயும் பெரும்பாலும் ராத்திரி தங்கும், பிரச்சனை இல்ல. நடுவுல வர்ற சின்ன ஊருங்கள்லதான் மாட்டிக்குவீங்க.

அடுத்தது தேதி. இதுல ஒரு பெரிய பொறி இருக்கு. டிசம்பர் 22ல இருந்து 29 வரைக்கும் போற கப்பலுக்கு கிறிஸ்துமஸ் குரூஸ்னு பேர் வச்சு விப்பாங்க, விலையும் ஏத்தி வச்சிருப்பாங்க, ஆனா ஜெர்மனில பெரும்பாலான மார்க்கெட் 23 இல்லனா 24ஓட மூடிடுவாங்க. 24 மத்தியானத்துக்கு மேல கடைத்தெருவே காலி, 25, 26 ரெண்டும் லீவு. கப்பல்ல மரம் வச்சு நல்லா விருந்து போடுவாங்கதான், மார்க்கெட் மட்டும் இருக்காது. நியூரம்பெர்க் மார்க்கெட் வருஷா வருஷம் முதல் அட்வென்ட் ஞாயிறுக்கு (கிறிஸ்துமஸுக்கு முன்னாடி வர்ற நாலு ஞாயிறுல முதல் ஞாயிறு) முந்தின வெள்ளிக்கிழமை தொறந்து டிசம்பர் 24 மூடுது, 2026ல அந்த வெள்ளி நவம்பர் 27ல வருது. வியன்னா, புடாபெஸ்ட்ல நவம்பர் நடுவுலயே ஆரம்பிச்சுடும். வியன்னா டவுன்ஹால் முன்னாடி இருக்கறது டிசம்பர் 26 வரைக்கும் ஓடும், புடாபெஸ்ட்ல புத்தாண்டு வரைக்கும் இழுப்பாங்க. ஆக நவம்பர் கடைசில தான் லீவு கிடைக்குதுன்னா ஆஸ்திரியா, ஹங்கேரி பக்கம் அதிகமா இருக்குற ரூட்டா எடுங்க. எல்லா ஊரும் வேணும்னா டிசம்பர் முதல் ரெண்டு வாரம் தான் சரி.

கிழமையும் பாக்கணும், இத யாரும் சொல்றதில்ல. நியூரம்பெர்க்குக்கு ஒரு சீசன்ல சுமார் 20 லட்சம் பேர் வர்றாங்க, சனிக்கிழமை சாயங்காலம் அங்க மாட்டினா கடையே கண்ணுக்கு தெரியாது, முன்னாடி நிக்கிறவர் முதுகுதான் தெரியும். சனிக்கிழமை பாஸாவ், ரேகன்ஸ்பர்க் மாதிரி சின்ன ஊர்லயும், செவ்வாய் புதன்ல நியூரம்பெர்க், வியன்னாலயும் இருக்குற மாதிரி டேட் கிடைச்சா கண்ண மூடிட்டு எடுங்க.

எந்த ஆறு? முதல் தடவைனா நான் டான்யூப் தான் சொல்வேன். நியூரம்பெர்க், ரேகன்ஸ்பர்க், பாஸாவ், லின்ஸ், மெல்க், வியன்னா, பிராட்டிஸ்லாவா, புடாபெஸ்ட்னு வரிசையா வரும், பொதுவா ஏழு ராத்திரி. நாலு நாடு, நாலு விதமான மார்க்கெட், சாப்பாடும் ஊருக்கு ஊர் மாறும். ரைன் எடுத்தா பாசல், ஸ்ட்ராஸ்பர்க், ரூடெஸ்ஹைம், கோப்லென்ஸ், கொலோன், ஆம்ஸ்டர்டாம். ஸ்ட்ராஸ்பர்க் மார்க்கெட் 1570ல இருந்து நடக்குது, கொலோன்ல 157 மீட்டர் உயர கோபுரத்தோட நிக்கிற கதீட்ரல் அடியிலயே மார்க்கெட், ரெண்டுமே அருமை. ஆனா அந்த ரூட்டோட கடைசில வர்ற ஆம்ஸ்டர்டாம் கிறிஸ்துமஸ் மார்க்கெட்டுக்கு பேர் போன ஊர் இல்ல, அங்க ஒரு நாள் போறது மார்க்கெட் கணக்குல வராது. ரைன்ல போனா ரூடெஸ்ஹைம்ல இருந்து கோப்லென்ஸ் வரைக்கும் இருக்குற கோட்டை வரிசைய கப்பல் பகல்ல தாண்டுதான்னு கேட்டுக்கோங்க, ராத்திரில தாண்டினா ஒண்ணுமே பாக்க முடியாது.

கப்பல் எங்க நிக்கும்ங்கறதும் முக்கியம். பாஸாவ், ரேகன்ஸ்பர்க், லின்ஸ், பிராட்டிஸ்லாவா, புடாபெஸ்ட், கொலோன், இங்கெல்லாம் இறங்கி நடந்தா மார்க்கெட். அப்பா அம்மாவோட போறவங்களுக்கு இது பெரிய விஷயம், அவங்க களைச்சுப் போனா கப்பலுக்கு அனுப்பிட்டு நீங்க சுத்தலாம். நியூரம்பெர்க்ல அப்படி இல்ல. ஊருக்கு வெளில, தொழிற்சாலை பக்கம் இருக்குற கால்வாய் துறைமுகத்துல நிறுத்துவாங்க, பழைய ஊருக்கு பஸ்லதான் போகணும், அந்த பஸ் திரும்ப கடைசியா எத்தனை மணிக்குன்னு கேட்டு வச்சுக்கோங்க. வியன்னால ரைக்ஸ்ப்ரூக்கே பாலத்து பக்கம் நிக்கும், ஊருக்குள்ள இல்ல, ஆனா கிட்டக்கவே யூ1 மெட்ரோ இருக்கு, கொஞ்ச நேரத்துல ஊர் நடுவுல இருக்குற ஸ்டெஃபான்ஸ்பிளாட்ஸ் போயிடலாம். கம்பெனி பஸ்சுக்கு காத்து நிக்க வேண்டியதே இல்ல.

ரூம் விஷயத்துக்கு வருவோம். காசு மிச்சம் பண்ணணும்னா இங்கதான் பண்ணணும். நியூரம்பெர்க் டான்யூப் ஆத்து மேல இல்ல, 1992ல தொறந்த ரைன்-மைன்-டான்யூப் கால்வாய் மேல இருக்கு. 171 கிலோமீட்டர், 16 லாக், அதாவது கப்பல உள்ள விட்டு கேட்ட மூடி தண்ணிய ஏத்தியோ இறக்கியோ விடுற தொட்டி. அந்த தொட்டியோட அகலம் 12 மீட்டர், அதனால இந்த ரூட்ல ஓடுற கப்பல் எல்லாமே பதினொன்னரை மீட்டருக்குள்ள அகலம், நீளம் அதிகபட்சம் 135 மீட்டர். எந்த கம்பெனி எடுத்தாலும் உருவம் ஒண்ணுதான். லாக்குக்குள்ள போறப்ப ஜன்னலுக்கு வெளில கைய நீட்டினா சுவர் இடிக்கும், ராத்திரில டொம்முனு சத்தமும் வரும். ஊர்ல நிறுத்தும்போதும் சீசன்ல இடம் பத்தாம ஒரு கப்பல் பக்கத்துல இன்னொரு கப்பல ஒட்டி கட்டிடுவாங்க, உங்க பால்கனில இருந்து தெரியறது பக்கத்து கப்பல்காரரோட பெட்ரூம். வெளில ரெண்டு டிகிரி குளிர் வேற, யாரு கதவ தொறந்து வச்சு உக்காரப் போறாங்க? கீழ் தளத்துல சின்ன ஜன்னல் இருக்குற ரூம எடுங்க, போதும். இன்ஜின் பின்பக்கம் இருக்கும், அதனால கீழ எடுத்தா கப்பலோட நடுப்பகுதியா கேளுங்க. மிச்சமாகுற காசுல வியன்னால ஒரு கச்சேரி டிக்கெட் வாங்கலாம்.

விலைய ஒப்பிடும்போது வெறும் டிக்கெட் விலைய மட்டும் வச்சு பாக்காதீங்க. ஊர் சுத்தி காட்டுறது சேத்தியா, துறைமுக கட்டணம் சேத்தியா, டிப்ஸ் சேத்தியா, ஒயின் சாப்பாட்டோட வருமா, நாலையும் கூட்டி பாத்தா மலிவா தெரிஞ்சது பல தடவ மலிவா இருக்காது. தனியா போறவங்க சிங்கிள் சப்ளிமெண்ட்ட, அதாவது ரெண்டு பேர் ரூம்ல ஒருத்தரே தங்குறதுக்கு வாங்குற கூடுதல் கட்டணத்த, மறக்காதீங்க, சில தேதிக்கு அத தள்ளுபடி பண்ணுவாங்க, கேட்டா தான் சொல்வாங்க.

தண்ணி மட்டம் பத்தி ஒரு வார்த்த. மழை அதிகமாகி ஆறு ஏறிட்டா கப்பல் பாலத்துக்கு கீழ நுழையாது, ரொம்ப இறங்கிட்டா தரை தட்டும். ரெண்டுலயும் கம்பெனி பண்றது ஒண்ணுதான், பஸ்ல ஏத்தி அடுத்த ஊர்ல நிக்கிற இதே மாதிரி இன்னொரு கப்பலுக்கு மாத்தும், இல்லனா கப்பலையே ஓட்டலா நிறுத்தி வச்சுட்டு பஸ்ல சுத்தி காட்டும். இதுக்கு காசு திரும்ப தரமாட்டோம்னு நிபந்தனைல பொடி எழுத்துல இருக்கும். அத படிச்சுட்டு, அதுக்கேத்த இன்சூரன்ஸ் எடுங்க.

இந்தியா பாஸ்போர்ட்காரங்களுக்கு ஷெங்கன் விசா வேணும், ஐரோப்பால நிறைய நாட்டுக்கு பொதுவான விசா அது. நியூரம்பெர்க்-புடாபெஸ்ட் ரூட்ல வர்ற நாலு நாடும் ஷெங்கன்தான், ஒரே விசா போதும். எந்த நாட்டுக்கு அப்ளை பண்றதுன்னு குழம்புவாங்க, கப்பலோட நாள்வாரி அட்டவணைய வச்சு எந்த நாட்டுல அதிக நாள் இருக்கீங்கன்னு எண்ணுங்க, அந்த நாடு. முன்னாடி பின்னாடி ஓட்டல்ல தங்குற நாளும் கணக்குல வரும், சமமா வந்தா முதல்ல நுழையற நாடு. பயணத்துக்கு ஆறு மாசத்துக்கு முன்னாடியே அப்ளை பண்ணலாம், 15 நாளைக்கு குறையக்கூடாது, பெரியவங்களுக்கு கட்டணம் 90 யூரோ, 30,000 யூரோ மெடிக்கல் இன்சூரன்ஸ் கட்டாயம். புடாபெஸ்ட்ட தாண்டி செர்பியா போற நீளமான டூர்னா அது ஷெங்கன் இல்ல, திரும்ப உள்ள வரணும்னா மல்டிபிள் என்ட்ரி வேணும்.

சரி, மார்க்கெட்டுக்குள்ள போயாச்சு. குளூவைன்னு மசாலா போட்ட சூடான ஒயின் எல்லா இடத்துலயும் இருக்கும், பீங்கான் கப்ல தருவாங்க, கப்புக்கு தனியா சில யூரோ டெபாசிட் வாங்குவாங்க. கப்ப திருப்பி குடுத்தா காசு வரும், பிடிச்சிருந்தா வச்சுக்கலாம், ஊருக்கு ஊர் டிசைன் வேற, நிறைய இடத்துல வருஷமும் போட்டிருக்கும். குடிக்காதவங்க கிண்டர்புன்ஷ் கேளுங்க, ஆல்கஹால் இல்லாதது, பேர்ல குழந்தைன்னு இருந்தாலும் பெரியவங்களும் வாங்குறாங்க. கைல யூரோ சில்லறை நிறைய வச்சுக்கோங்க, ஜெர்மனில சின்ன கடைங்கள்ல கார்டு ஓடாது, டாய்லெட்டுக்கும் காசு கேப்பாங்க. ஹங்கேரில பணம் ஃபோரின்ட், அங்க கார்டே வச்சு சமாளிச்சுடலாம்.

நியூரம்பெர்க்ல மூணு சின்ன சாசேஜ ஒரு பன்னுக்குள்ள வச்சு தருவாங்க, அது பன்றி, சாப்பிடறவங்க விடாதீங்க. லெப்கூகன்னு மசாலா வாசனை கேக் பிஸ்கட் வாங்கினா எலிசன்னு போட்டத வாங்குங்க, அதுல குறைஞ்சது கால் பங்கு பாதாம் மாதிரி பருப்பு, மாவு பத்து சதவீதத்துக்கு மேல இருக்கக்கூடாதுன்னு விதியே இருக்கு. சைவக்காரங்க பயப்பட வேண்டாம். உருளைக்கிழங்க துருவி எண்ணெய்ல மொறுமொறுன்னு சுடுற ரைபேகூகன் கிட்டத்தட்ட நம்ம அடை மாதிரி, தொட்டுக்க ஆப்பிள் கூழ் தருவாங்க, முட்டை சேக்குறது உண்டு, கேட்டுக்கோங்க. சுட்ட செஸ்ட்நட், சர்க்கரை பாகுல வறுத்த பாதாம் எங்கயும் கிடைக்கும். பிராட்டிஸ்லாவால லோக்ஷேன்னு உருளைக்கிழங்கு ரொட்டி, பாப்பி விதை வச்சு கேளுங்க, வாத்து கறி வச்சும் குடுப்பாங்க. புடாபெஸ்ட்ல லாங்கோஷ்னு பொரிச்ச பெரிய ரொட்டி, மேல பூண்டு, புளிச்ச கிரீம், சீஸ். சில இடத்துல பன்றிக் கொழுப்புல பொரிப்பாங்க, சுத்த சைவம்னா வாய தொறந்து கேட்டுடுங்க.

இதெல்லாம் சாப்பிட்டா கப்பல்ல டின்னர் இறங்காது. காசு கட்டியாச்சேன்னு ஏழு மணிக்கு ஓடி வந்து அஞ்சு கோர்ஸ் சாப்பாட்டுக்கு உக்காராதீங்க, அந்த நேரம்தான் மார்க்கெட் உச்சத்துல இருக்கும். வரலன்னு சொல்லிட்டு வெளிலயே சாப்பிடுங்க, லேட்டா வந்தாலும் லவுஞ்ச்ல ஏதாச்சும் கொறிக்க இருக்கும். வியன்னால டவுன்ஹால் மார்க்கெட் பாக்க பிரமாதம், வாங்க சுமார், கைவேலை பொருள் வேணும்னா ஸ்பிட்டல்பெர்க் சந்துங்களுக்கு போங்க.

குளிருக்கு தடிமனான ஒரே கோட்ட விட அடுக்கு அடுக்கா போடுறது நல்லது, கடை, கப்பல், மெட்ரோ எல்லாத்துக்குள்ளயும் ஹீட்டர் போட்டு வேக்க வைப்பாங்க. முதல்ல விறைக்கிறது கால்தான், ஈரமான கல் தரைல மணிக்கணக்கா நிக்கணும். கம்பளி சாக்ஸ், தடிச்ச ரப்பர் சோல் ஷூ, இது ரெண்டுல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

கப்பல விட்டு இறங்கும்போது கப்பல்ல குடுத்த கார்டு எடுத்துக்கோங்க, ரிசப்ஷன் போன் நம்பர போன்ல சேவ் பண்ணுங்க, திரும்ப வர வேண்டிய நேரத்த போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. பாஸ்போர்ட்ட கப்பல்லயே வாங்கி வச்சிருந்தாங்கன்னா அதோட ஒரு காப்பி கைல இருக்கட்டும். லேட்டானா யாருக்காகவும் நிறுத்தி வைக்க மாட்டாங்க. ஆனா ஆத்தங்கரை ஊருங்கள்ல பெரும்பாலானதுக்கு ரயில் இருக்கு, லின்ஸ்ல இருந்து வியன்னா ஒண்ணேகால் மணி நேரம், கப்பலுக்கு முன்னாடியே போய் நிக்கலாம். அந்த ரயில வச்சு பாத்தா, நடக்க தெம்பு இருக்கு, பெட்டி தூக்க முடியும்னா குரூசே இல்லாம இதே ரூட்ட ஓட்டல்ல தங்கி ரயில்லயே முடிக்கலாம், பெரும்பாலும் செலவு குறையும், எல்லா சாயங்காலமும் உங்க கைல. பெரியவங்கள கூட்டிட்டு போறவங்க, தினமும் பெட்டி கட்ட முடியாதுன்னு சொல்றவங்க, அவங்களுக்கு கப்பல் தான்.

வியன்னால ஸ்னோ குளோப், அதான் ஆட்டினா உள்ள பனி பெய்யுற கண்ணாடி உருண்டை, வாங்குவீங்க, 1900 வாக்குல அது பொறந்ததே அந்த ஊர்லதான், அத செஞ்சவரோட குடும்பம் இன்னும் செஞ்சு விக்குது. உள்ள தண்ணி இருக்கு, 100 மில்லிக்கு மேல போனா கைப்பைல வச்சு செக்யூரிட்டில பறிகுடுக்காதீங்க, கம்பளி சாக்ஸ்ல சுத்தி செக்-இன் பெட்டில போடுங்க. குளூவைன் பாட்டிலுக்கும் இதேதான்.