சைரனுக்கு முந்தின நாள் செய்ய வேண்டியவை

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துக்குப் புதிதாகக் குடிவரும் நம் ஆட்கள், டொர்னாடோ (தரையைத் தொடும் சுழல்காற்று) பயத்தில் மார்ச் பிறந்தாலே கேட்பது, "டொர்னாடோ சைரன் அடிச்சா என்ன பண்றது அண்ணா?" என்றுதான். அடித்த பிறகு பண்ணப் பெரிதாக ஒன்றுமில்லை. வேலையெல்லாம் முந்தின நாளே முடிந்திருக்க வேண்டும்.

2011 ஏப்ரல் 25 முதல் 28 வரை அமெரிக்காவில் சுமார் 360 டொர்னாடோக்கள். நான் அப்போது ஹன்ட்ஸ்வில் பக்கத்தில் மாடிசனில் இருந்தேன். 27-ஆம் தேதி விடிவதற்குள் முதல் சுற்று வந்து மரங்களையும் மின்கம்பிகளையும் சாய்த்துவிட்டுப் போனது. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தோம். பல வீடுகளில் அப்போதே கரன்ட் இல்லை, டிவியும் இல்லை. பிற்பகலில் வந்தவைதான் பெரியவை. ஹேக்கில்பர்க், ஃபில் கேம்ப்பெல் ஊர்களைச் சிதைத்த டொர்னாடோ மட்டும் 72 பேரைக் கொண்டுபோனது. உயர் அழுத்த மின்கம்பிகள் அறுந்ததில் பிரவுன்ஸ் ஃபெரி அணுமின் நிலையத்தின் மூன்று உலைகளும் நின்றுபோயின. எங்களுக்கு நாள் கணக்கில் இருட்டு.

ஆகவே முதலில் வாங்க வேண்டியது பேட்டரி போட்ட வெதர் ரேடியோ, அதாவது வானிலை எச்சரிக்கை வந்ததும் தானே அலறும் ரேடியோ. அதில் உங்கள் கவுன்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) எண்ணைப் பதிய வேண்டும். மாடிசன் கவுன்டிக்கு 001089. மாநிலம் முழுவதற்கும் வைத்தால் ராத்திரி நாலு தடவை அலறும், ஐந்தாவது தடவை நீங்களே பிடுங்கிப் போட்டுவிடுவீர்கள். ஆனால் மேற்கே இருக்கும் லைம்ஸ்டோன் கவுன்டியையும் (001083) சேர்த்துக்கொள்ளுங்கள். புயல் பெரும்பாலும் அந்தப் பக்கமிருந்துதான் வரும். சைரனை நம்பாதீர்கள், அது வெளியே நிற்பவர்களுக்காக வைத்தது.

வானிலை அறிவிப்பில் 'வாட்ச்' என்றால் கல் காய்கிறது, டொர்னாடோ வரலாம்; 'வார்னிங்' என்றால் மாவை ஊற்றியாகிவிட்டது, உடனே ஒளிய வேண்டும். வாட்ச் வந்ததுமே போனை முழுக்க சார்ஜ் போடுங்கள், காருக்குப் பெட்ரோல் நிரப்புங்கள், கையில் ரொக்கம் வையுங்கள். கரன்ட் இல்லாவிட்டால் பங்க் பம்பும் ஓடாது, ஏடிஎம்மும் ஓடாது. எங்கள் தெருக்காரர்கள் பெட்ரோலுக்காக டென்னசி வரை போய் வந்தார்கள்.

ஒளிய, கீழ்த்தளத்தில் ஜன்னலே இல்லாத உள்ளறை வேண்டும். எங்கள் வீட்டில் அது படிக்கட்டுக்கு அடியில் சாமான் வைக்கும் சின்ன அறை (க்ளோசெட்). வேக்குவம் கிளீனரையும் கொலுப் பெட்டியையும் முந்தின நாளே வெளியே எடுத்து வைத்துவிடுவோம். பிள்ளைகளுக்கு சைக்கிள் ஹெல்மெட், எல்லோருக்கும் ஷூ. வீட்டுக்குள் செருப்பில்லாமல் நடந்தே பழகிய நமக்கு இதுதான் மறந்துபோகும். அப்புறம் கண்ணாடித் துண்டின் மேல்தான் நடக்க வேண்டியிருக்கும். மொபைல் ஹோமில் (பெயர்த்துக் கொண்டுபோகக்கூடிய லேசான வீடு) இருப்பவர்கள் வாட்ச் வந்ததுமே வேறு கட்டடத்துக்குக் கிளம்பிவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு அவல், ரொட்டி, ஊறுகாய் போதும். கேம்பிங் அடுப்பை வெளியே மட்டும் பற்ற வையுங்கள், கராஜுக்குள்கூட வேண்டாம். ஊருக்குப் பேச லைன் கிடைக்காது, குறுஞ்செய்தி போகும். அன்று நான் அம்மாவுக்கு அனுப்பியது, "நல்லா இருக்கோம். இட்லி மாவுதான் போச்சு."