ஐ.பி.டி. செய்யும்போது "அப்புறம் அவர் என்ன சொன்னார்?" என்று கேளுங்கள்

பினாங்கில் மனச்சோர்வோடு கிளினிக்குக்கு வரும் நம் ஆட்கள் முதலில் உடம்பு வலி என்பார்கள், தூக்கமில்லை என்பார்கள். வீட்டுச் சங்கதி கடைசியில்தான் வரும், அதுவும் கதவில் கை வைத்துக்கொண்டு. அந்தப் பேச்சிலிருந்துதான் ஐ.பி.டி.யில், அதாவது உறவுகளை வைத்து மனச்சோர்வைக் குணப்படுத்தும் பேச்சு சிகிச்சையில் (Interpersonal Psychotherapy), வேலையே தொடங்குகிறது. 1970-களில் கெரால்ட் கிளெர்மனும் மிர்னா வைஸ்மனும் உருவாக்கிய முறை இது, வாரம் ஒருமுறை, 12 முதல் 16 வாரம். கணக்கை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கூடவே, "இது நோய், நீங்கள் சோம்பேறி இல்லை, குணமாகும்" என்று சொல்லுங்கள், அவர் சம்மதித்தால் கணவர் காதிலும் விழட்டும். செய்வினை என்றால் வாதாட வேண்டாம், கோயிலுக்கும் போகட்டும், அடுத்த வாரம் இங்கேயும் வரட்டும். சாகும் எண்ணம் உண்டா என்று நேராகக் கேளுங்கள். போலீஸ் வருமோ என்று சிலர் வாய் திறப்பதில்லை. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டதைச் சொன்னால் கொஞ்சம் இளகுவார்கள்.

அப்புறம் ஒரு தாளில் அவருடைய மனிதர்களை எழுதுங்கள்: யார் நெருக்கம், யாரோடு பேச்சில்லை, எப்போதிலிருந்து. மரணம், தகராறு, வாழ்க்கை மாற்றம், உறவே அமையாத தனிமை, இந்த நான்கில் சோர்வு தொடங்கிய காலத்தோடு ஒட்டுவது எதுவோ அதை மட்டும் எடுங்கள். நான் ஆரம்பத்தில் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டு ஐந்தாவது வாரம் முழித்திருக்கிறேன்.

நடு வாரங்களில்தான் உண்மையான வேலை. "மகள் மதிப்பதே இல்லை" என்று பட்டர்வொர்த்திலிருந்து வரும் ஒரு அம்மா சொல்வதாக வையுங்கள். ஆறுதல் சொல்லாதீர்கள், கடைசியாகப் பேசிய போனை வரி வரியாகக் கேளுங்கள்.

"பசியாறிட்டீங்களாம்மான்னு கேட்டா."

"நீங்க?"

"ம்னேன்."

"மனசுல என்ன இருந்துச்சு?"

"ஒரு வாரம் வந்து இருந்துட்டுப் போயேன்னு."

அந்த "ம்"மில் மகளுக்கு ஒன்றும் கேட்டிருக்காது. நீங்கள் மகளாக இருந்து, அவரை அந்த வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்ல வையுங்கள். முதலில் சிரிப்பார், அல்லது அழுவார், மூன்றாவது தடவை வார்த்தை சரியாக வரும். மகள் வராமலும் போகலாம், அதையும் அடுத்த வாரம் இதே மாதிரி வரி வரியாகப் பாருங்கள்.

மொத்த வாரங்களில் பாதி போயும் மனச்சோர்வை அளக்கும் கேள்வித்தாளில் மதிப்பெண் இறங்கவில்லையா, மருந்து பற்றி மனநல மருத்துவரிடம் பேசுங்கள். கடைசி மூன்று வாரத்தில் புது விஷயம் திறக்காதீர்கள். "இன்னும் மூணு தடவைதான்" என்று நீங்களே சொல்லி, பிரிவது எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.