மொபிலிட்டி ஸ்கூட்டரோடு தனியாகத் தீம் பார்க் போகிறவர்களுக்கு: தங்கும் அறையை எப்படித் தேர்ந்தெடுப்பது

அறையின் பெயருக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலிப் படம் இருக்கிறது என்பதற்காக மட்டும் முன்பதிவு செய்துவிடாதீர்கள். மொபிலிட்டி ஸ்கூட்டர் (நடக்கச் சிரமப்படுபவர்கள் உட்கார்ந்து ஓட்டும் சிறிய மின்வண்டி) சக்கர நாற்காலியை விட நீளமானது, நின்ற இடத்திலேயே திரும்பாது. கூட ஆள் இருந்தால் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கித் திருப்பிவிடுவார். தனியாக இருப்பவருக்கு அந்த வழி இல்லை.

முதலில் உங்கள் வண்டியை அளந்து எழுதிக்கொள்ளுங்கள்: கூடை, கண்ணாடி உட்பட அகலம், நீளம், திரும்பத் தேவைப்படும் இடம், நீங்கள் உட்கார்ந்த நிலையில் மொத்த எடை. பிரித்து எடுத்துப்போகும் சிறிய வண்டிகள் ஏறக்குறைய 1 மீட்டர் நீளம் இருக்கும். பெரியவை 1.2 மீட்டரைத் தாண்டும். பூங்காவுக்குள் வாடகைக்குத் தரும் வண்டியைப் பெரும்பாலும் வாசலுக்கு வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள். அதை நம்பிப் போனால் அறையிலிருந்து வாசல் வரை எப்படி வருவது என்பதைத் தனியாக யோசிக்க வேண்டும்.

பிறகு தங்குமிடத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். தொலைபேசியில் "எல்லா வசதியும் இருக்கிறது" என்ற பதில்தான் கிடைக்கும். எழுத்தில் கேட்டால் யாராவது டேப் எடுத்து அளப்பார்கள். அறைக் கதவும் குளியலறைக் கதவும் முழுதாகத் திறந்த நிலையில் எத்தனை செ.மீ. இடைவெளி தருகின்றன என்று கேளுங்கள். 81 செ.மீ. என்பது அமெரிக்க விதிமுறை கேட்கும் குறைந்தபட்ச அளவு. நேராகப் போக அது போதும். குறுகலான நடைபாதையிலிருந்து செங்குத்தாகத் திரும்பி நுழையும்போது நீளமான வண்டி அதிலும் மாட்டிக்கொள்ளும். அதனால் நடைபாதையின் அகலத்தையும் லிஃப்டின் உள் ஆழத்தையும் சேர்த்தே கேளுங்கள். அறைக்குள் 150 செ.மீ. விட்டத்துக்குக் காலி இடம் இருந்தால் சிறிய வண்டி ஒன்றிரண்டு முறை முன்னும் பின்னும் போய்த் திரும்பிவிடும். கதவு தானாக மூடும் கனமான கதவா என்பதும் முக்கியம். உட்கார்ந்தபடி ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வண்டி ஓட்டுவது மிகக் கடினம்.

அடுத்தது சார்ஜ். ஈய-அமில பேட்டரி முழுதாக ஏற 8 முதல் 12 மணி நேரம் ஆகும். இரவு 11 மணிக்குத் திரும்பி காலை 8 மணிக்குக் கிளம்பினால் 9 மணி நேரம்தான் கிடைக்கும். வண்டி நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே பிளக் பாயிண்ட் வேண்டும். ஒயர் படுக்கைக்கும் கழிவறைக்கும் நடுவே கிடந்தால் இருட்டில் தடுக்கிவிடும். கதவருகே அட்டையைச் செருகினால்தான் மின்சாரம் வரும் அறைகளில், அட்டையோடு வெளியே போனதும் சார்ஜ் ஏறுவது நின்றுவிடும். எப்போதும் மின்சாரம் இருக்கும் பாயிண்ட் எது என்று கேட்டு வையுங்கள். வெளிநாடென்றால் சார்ஜரின் மேல் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

தூரத்தை விடுதி வாசலிலிருந்து கணக்கிடாதீர்கள், உங்கள் அறையிலிருந்து கணக்கிடுங்கள். பரந்த வளாகங்களில் அந்த வித்தியாசமே அரை கிலோமீட்டர் வரும். தயாரிப்பாளர் 16 கி.மீ. ஓடும் என்று சொன்னால் 8 கி.மீ. என்றே திட்டமிடுங்கள். தயாரிப்பாளர் சொல்லும் கணக்கு சமதரைக்கும் புது பேட்டரிக்கும் உரியது. மேடு, உடல் எடை, குளிர், பழைய பேட்டரி எல்லாமே அதைக் குறைக்கும். விடுதிப் பேருந்து இருந்தால் எல்லாப் பேருந்திலும் சாய்தளம் உண்டா, அது தாங்கும் எடை என்ன, ஸ்கூட்டருக்கு எத்தனை இடம் என்று கேளுங்கள். பல பேருந்துகளில் இரண்டே இடம்தான். பூங்கா மூடும் நேரத்தில் அதற்காக இரண்டு மூன்று பேருந்துகளை விட்டுக் காத்திருக்க நேரலாம். வெளிச்சமும் சரிவான நடைமேடை ஓரங்களும் உள்ள பாதையில் நேராக வாசலுக்குப் போய்விடக்கூடிய எளிய விடுதி, தூரத்து ஆடம்பர விடுதியை விட மேல்.

குளியலறையில் கைப்பிடி பொருத்திய தொட்டியா, தடுப்பில்லாமல் நுழையும் ஷவரா என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே பெயரில் விற்கும் இடங்கள் உண்டு. மடக்கு இருக்கையில் உட்கார்ந்தபடியே குழாய் எட்ட வேண்டும். படுக்கையின் உயரம் உங்கள் வண்டி இருக்கையை ஒட்டி இருக்கட்டும். நீங்கள் இறங்கும் பக்கம் இடமா வலமா என்பதையும் சொல்லிவிடுங்கள்.

தீ எச்சரிக்கை வந்தால் லிஃப்ட் நிறுத்தப்படும். ஆகவே தரைத்தளம் கேளுங்கள். கிடைக்காவிட்டால், இறங்க யார் உதவுவார்கள் என்ற நடைமுறையை வரவேற்பறையில் கேட்டு வையுங்கள்.

முன்பதிவுச் சீட்டில் அந்த அறை வகை உறுதி செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். "கோரிக்கை" என்று மட்டும் இருந்தால் நீங்கள் போகுமுன் வேறொருவருக்குப் போய்விடலாம். மூன்று நாள் முன்பு ஒருமுறை அழைத்துச் சரிபாருங்கள். போய்ச் சேர்ந்ததும் பெட்டிகளை இறக்குவதற்கு முன் வண்டியை அறைக்குள் ஓட்டி, திருப்பி, வெளியே கொண்டுவந்து பாருங்கள்.