ட்ராலி ஜாக்கி குதிக்காமல் சீராக இறங்குவதற்கு

சிறு சக்கரங்களில் உருண்டு, ஆயில் அழுத்தத்தால் காரைத் தூக்கும் ட்ராலி ஜாக்கியின் கோளாறு வண்டியைத் தூக்கும்போது பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை, இறக்கும்போதுதான் தெரிகிறது. பெங்களூரு அல்சூரில் உள்ள எங்கள் சிறிய பட்டறையில் ஒருமுறை, கைப்பிடியை மெல்லத் திருப்பியும் அசையாமல் நின்ற கார், திடீரென்று இரண்டு விரற்கடை ‘தடக்’ என்று இறங்கி மறுபடியும் நின்றது. ஆயில் கெட்டுவிட்டதாக எண்ணி அன்றே மாற்றினோம், குறை தீரவில்லை. பிறகு ஜாக்கியின் பின்பக்கத்தைத் தூக்கிப் பார்த்தபோது, ஒரு சக்கரத்தின் அச்சில் வேஸ்ட் துணியின் நூல் கிரீசோடு சேர்ந்து கயிறு போல இறுகியிருந்தது. அதைக் கத்தியால் அறுத்தெடுத்த பிறகு ஜாக்கி ஒழுங்காக இறங்கியது.

காரணம் எளிது. ஜாக்கியில் வண்டியைத் தாங்கும் இரும்புக் கை நேராக மேலும் கீழும் செல்வதில்லை, வளைகோட்டில் செல்கிறது. ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு அடைகல் வைத்த வண்டி நகராது என்பதால், இறங்கும்போது ஜாக்கிதான் நம்மை நோக்கிப் பின்னால் உருண்டு வர வேண்டும். சக்கரம் சிக்கினாலோ, மண்ணில் புதைந்தாலோ, சாக்கடைக் கல்லின் இடுக்கில் மாட்டினாலோ, அது இழுபட்டு நின்று பின்பு குதிக்கிறது. ஆகவே ஸ்பேனரை எடுப்பதற்கு முன் நான்கு சக்கரங்களையும் கையால் சுழற்றிப் பாருங்கள். ஜாக்கியின் இரும்புக் கை மூட்டுகளுக்குக் கிரீஸ் இடுங்கள்.

அடுத்து கைப்பிடி. கைப்பிடியையும், ஆயிலைத் திறந்துவிட்டு ஜாக்கியை இறக்கும் ரிலீஸ் வால்வையும் இணைக்கும் மூட்டு தேய்ந்திருந்தால், பாதிச் சுற்று வரை ஒன்றும் நடக்காமல், அதன் பிறகு வால்வு ஒரேயடியாகத் திறந்துகொள்ளும். அந்த மூட்டைத் துடைத்து, எண்ணெய் விட்டு, தளர்ந்த திருகை இறுக்கினால் திருப்புவது உடனே வால்வுக்குப் போய்ச் சேரும். திருப்புகிறவரின் கையும் பழக வேண்டும்: இரு கைகளாலும் பிடித்து, இடப்பக்கம் மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, வண்டி அசையத் தொடங்கிய இடத்திலேயே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இவை சரியாக இருந்தும் குதித்தால், உள்ளே காற்று புகுந்திருக்கலாம். ஏர் எடுக்கும் வேலையைப் பாரம் ஏதுமின்றியே செய்ய வேண்டும். ஜாக்கியின் கையை முழுவதும் இறக்கி, ரிலீஸ் வால்வை ஓரிரு சுற்று திறந்து, ஆயில் ஊற்றும் துளையின் மூடியைக் கழற்றிவிட்டு, கைப்பிடியை முழு வீச்சில் 10 முதல் 15 முறை அடியுங்கள். குமிழிகள் அடங்கியதும் வால்வை மூடி, துளையின் விளிம்புக்குச் சற்றுக் கீழ் வரை ஆயில் நிரப்புங்கள். கை மேலே நிற்கும்போது நிரப்பக் கூடாது. அப்படிச் செய்தால் இறங்கும்போது திரும்பி வரும் ஆயிலுக்கு உள்ளே இடம் இருக்காது. ஜாக்கியின் கையேடு வேறு தரத்தைச் சொல்லாதவரை, பெங்களூரு ஜே.சி. ரோட்டு வாகன உதிரிபாகக் கடைகளில் 32 எண் (ஆயிலின் தடிமனைக் குறிக்கும் எண்) ஹைட்ராலிக் ஆயில் கேட்டு வாங்கலாம். அவசரத்துக்கு என்று கூட பிரேக் ஆயிலை ஊற்றாதீர்கள். அது ரப்பர் சீல்களை ஊதவைத்துக் கெடுத்துவிடும். மார்கழிக் காலையில் ஆயில் கெட்டிப்பட்டு ஜாக்கி சற்று மெதுவாக இறங்குவது இயல்பு, அதைக் கோளாறாகக் கருத வேண்டாம். அதுபோலவே பாரமில்லாத ஜாக்கியைக் கீழே இழுப்பது ஸ்பிரிங் மட்டுமே என்பதால் அது தாமதமாகத்தான் இறங்கும்.

கடைசியாக ரிலீஸ் வால்வு. பல ஜாக்கிகளில் அதன் அடியில் சிறிய எஃகுக் குண்டு ஒன்று இருக்கும். அதன் இருக்கையில் துரும்பு படிந்தால் ஆயில் ஒரே அளவாக வழியாது. ஜாக்கியைத் தட்டில் வைத்து ஆயிலை வடித்த பிறகே வால்வைக் கழற்றுங்கள். இல்லையென்றால் குண்டு உருண்டு எங்கோ போய்விடும். குண்டில் துருவோ கீறலோ இருந்தால் அதே அளவில் புதிது போடுங்கள். ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ ரிங்கையும் மாற்றிவிடுங்கள். பக்கத்தில் மூடி போட்டு அடைத்திருக்கும் மற்றொரு திருகை மட்டும் தொடாதீர்கள். அளவுக்கு மீறிய பாரத்தைத் தூக்காதபடி தொழிற்சாலையில் அமைத்துத் தந்த காவல் அது.

சரிசெய்த ஜாக்கியைச் சோதிக்கும்போது, டயர்களைக் கழற்றாமல், ஒரு சாண் உயரம் மட்டும் தூக்கி, வண்டிக்கடியில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு இறக்குங்கள். மூன்று முறை இடறாமல் இறங்கினால் அதை வேலைக்கு எடுக்கலாம். அப்போதும் வண்டிக்கடியில் போவதற்கு முன் வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டுகள் வைத்தே ஆக வேண்டும்.