காற்றுத் திசைத் தரவில் சமச்சீர் சோதனை: சறுக்கும் இடங்கள்

காற்றுத் திசைகள் தம் சராசரித் திசைக்கு இருபுறமும் ஒரேபோலப் பரவியிருக்கின்றனவா என்று பார்ப்பதே சமச்சீர் சோதனை. வேலூரில் ஓராண்டு முழுக்கப் பதிவான காற்றுத் திசைகளை மொத்தமாகக் கொட்டிச் சோதிப்பதுதான் முதல் தவறு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. எதிரெதிர்த் திசைகள் ஒன்றையொன்று அடித்துவிடும். மிஞ்சும் ‘சராசரித் திசை’யில் எந்தக் காற்றும் வீசியிருக்காது. பருவம் பிரித்த பிறகே சோதனை.

கோணங்களைச் சாதாரணமாகக் கூட்டி வகுக்கவும் கூடாது. 350, 355, 5, 10, 40 பாகைகளை அப்படிச் செய்தால் 152 வரும்; வடக்கிலிருந்து வீசிய காற்று தென்கிழக்கிலிருந்து வீசியதாகிவிடும். சைன்களைத் தனியே, கோசைன்களைத் தனியே கூட்டி, அவற்றிலிருந்து கோணம் எடுத்தால் 7.7 பாகை. எக்செல்லில், இந்தக் கோணத்தைத் தரும் ஏடேன்2 (ATAN2) சார்புக்குக் கோசைன் கூட்டல் முதலில். ஆர், பைதான் நிரல்மொழிகளில் சைன் கூட்டல் முதலில். இதை மாற்றிப் போட்டால் எந்த எச்சரிக்கையும் வராது, விடை மட்டும் தப்பாகும்.

அடுத்ததுதான் பலரை ஏமாற்றுவது. சராசரித் திசையிலிருந்து விலகல்கள் எடுத்து, அவற்றின் சைன்களைக் கூட்டி, பூஜ்யம் வந்ததும் ‘சமச்சீர்தான்’ என்று முடிப்பார்கள். அது எந்தத் தரவுக்கும் பூஜ்யம்தான். சராசரித் திசையின் இலக்கணமே அது. புள்ளியியலாளர் ஆர்தர் பியூசி 2002-ல் தந்த சோதனை, விலகலை இரட்டித்து சைன் எடுத்துச் சராசரி காண்கிறது. மேலே உள்ள ஐந்துக்கு அது சுமார் -0.025. குறி எதிர்மறையாக இருந்தாலும் பரவலின் வால் நீள்வது கோணம் கூடும் பக்கம், அதாவது 40 பாகைப் பக்கம். ஒரே இடத்தில் குவிந்த தரவில் குறி இப்படித் தலைகீழாகத்தான் வரும்.

இந்தச் சராசரியை அதன் திட்டப் பிழையால் (மாதிரிக்கு மாதிரி அது எவ்வளவு தடுமாறும் என்ற அளவால்) வகுத்து இயல்நிலைப் பரவலோடு ஒப்பிட வேண்டும். அந்தத் திட்டப் பிழையை இரட்டைக் கோண சைன்களின் திட்டவிலக்கத்திலிருந்து நேரடியாக எடுக்காதீர்கள். மையமான சராசரித் திசையும் இதே தரவிலிருந்து மதிப்பிட்டதுதான். அதன் தடுமாற்றமும் கணக்கில் சேர வேண்டும். தரவு 50-க்குக் குறைந்தால் பூட்ஸ்ட்ராப் (தரவிலிருந்தே திரும்பத் திரும்ப மாதிரி எடுக்கும் முறை) நல்லது: ஒவ்வொரு கோணத்தையும் மையத்துக்கு மறுபுறம் பிரதிபலித்து, இரட்டிப்பான தொகுப்பிலிருந்து மறுமாதிரி எடுங்கள். ஒவ்வொரு முறையும் சராசரித் திசையைப் புதிதாகக் கணக்கிட மறந்தால் பி-மதிப்பை (சமச்சீர் இருந்தும் இவ்வளவு விலகல் தற்செயலாக வரும் வாய்ப்பை) நம்ப முடியாது.

மணிக்கொரு பதிவு இன்னொரு வம்பு. 9 மணிக் காற்றும் 10 மணிக் காற்றும் தனித்தனிச் சாட்சிகள் அல்ல. 720 பதிவுகள் என்று எழுதினாலும் உள்ளே இருப்பது 30 நாள்தான். நாளுக்கு ஒன்று, ஒரே நேரத்தில் எடுத்தது போதும். அடுத்தடுத்த நாள்களும் ஒட்டிக்கொண்டிருந்தால் இடைவெளியை இன்னும் கூட்டுங்கள்.