ஆஃபரை ஒப்புக்கொள்ளும் முன் லீவையும் பேசிவிடுங்கள்

புது வேலைக்கு ஆஃபர் வந்ததும் எல்லோரும் சி.டி.சி.யிலேயே (வருடத்துக்கான மொத்தச் சம்பளக் கணக்கு) மல்லுக்கட்டுகிறோம், லீவைப் பற்றி வாயே திறப்பதில்லை. சம்பளம் இதற்கு மேல் ஏறாது என்று எச்.ஆர். கையை விரிக்கும் நேரம்தான் லீவைக் கேட்கச் சரியான நேரம்.

முதலில் லீவ் பாலிசியை மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள். "வருடத்துக்கு 24 நாள்" என்று போனில் சொல்வதை நம்பி உட்காராதீர்கள். அதில் சிக் லீவும் சேர்த்தியா, புரொபேஷனில் எடுக்கலாமா, மிச்சமானது அடுத்த வருடத்துக்குப் போகுமா, காசாக்கலாமா, இல்லை டிசம்பர் 31-ஓடு காலியா, இதெல்லாம் பாலிசியில்தான் இருக்கும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன்படி ஒரு வருடம் வேலை பார்த்தவருக்குச் சம்பளத்தோடு 12 நாள் விடுப்பு உண்டு, சிக், கேஷுவல் எல்லாம் அதற்குத் தனி. அதனால் 12 நாள் தருவதைச் சலுகை மாதிரி சொன்னால் மயங்க வேண்டாம்.

கேட்கும்போது இழுக்காமல் கேளுங்கள்: "இப்போதைய கம்பெனியில் எனக்கு 22 நாள் இருக்கிறது, அதையே இங்கேயும் கொடுக்க முடியுமா?" பெரிய கம்பெனி என்றால் பாலிசியை மாற்ற மாட்டோம் என்பார்கள், அது பெரும்பாலும் உண்மைதான். அப்போது, சேரும் முன்பே கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்படி ஜாயினிங் தேதியை இரண்டு வாரம் தள்ளிக் கேட்கலாம்.

தங்கை கல்யாணம், ஊர்த் திருவிழா என்று ஏற்கெனவே முடிவான தேதிகள் இருந்தால் அவற்றுக்கான ஒப்புதலையும் மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஆஃபர் கொடுத்த எச்.ஆர். வேறு, பிறகு லீவை அப்ரூவ் பண்ணும் மேனேஜர் வேறு.